லூர்து பயந்த சிவப்பு விளக்கு

எங்கள் காரைக் கவனித்துவந்த லூர்து இறந்துபோன செய்தி வந்தபோது, காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டு வாசலில் கார் பழைய ஆயிலை முழுக்க வடியவிட்டு நின்றுகொண்டிருந்தது. புது ஆயிலைத் தூத்துக்குடியிலிருந்து அவர்தான் கொண்டுவருவதாக இருந்தது. "அப்பா காலையில போயிட்டாவ மாமா. சாயங்காலம் அடக்கம்" என்றாள் அவர் மகள். இனிக் காரை யார் பார்ப்பார்கள் என்று எனக்கு முதலில் பயம்தான் வந்தது, பிறகுதான் அழுகை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவரை அறிந்த நண்பர்கள் உங்களிடம் மறைப்பானேன்?

கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்த மனிதர் இப்படியா பயந்தாங்கொள்ளியாக இருப்பார் என்று நாம் எத்தனை தடவை கேலி செய்திருப்போம்! ஆயில் விஷயத்தில் அவர் யாரையும் நம்பமாட்டார். "காரு வயசக் கேக்காம ஆயில எடுத்து நீட்டுதவன் கடையில நிக்காதிய காக்கா" என்பார், எங்கள் ஊர் வழக்கப்படி என்னை அண்ணனாக அழைத்து. வாப்பா விட்டுப்போன காருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அதற்கு அவர் சொன்னது இருபது-ஐம்பது என்ற கெட்டி ரகம், சாதா மினரல் ஆயில்.

ஒருமுறை துபாயிலிருந்து வந்த மச்சான், புதுக் கார்களுக்கான விலை உயர்ந்த ஆயில் ஒரு டின் கொண்டுவந்தார். ஊற்றாவிட்டால் மச்சான் முகம் வாடிவிடுமே என்று லூர்திடம் சொல்லாமல் ஊற்றிவிட்டேன். தண்ணீராய் இறங்கியது. அந்த வாரமே உம்மாவை டயாலிசிஸுக்குத் தூத்துக்குடி கூட்டிப் போகையில், முக்காணி பாலத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சினில் ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது. உம்மாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் ஓட்டினால் ஆஸ்பத்திரி. லூர்தைக் கூப்பிட்டேன்.

"நிப்பாட்டுங்க. இப்பவே."

"வண்டியில உம்மா இருக்காங்க லூர்து."

"அதுக்குத்தான் சொல்லுதேன். ஆட்டோ பிடிச்சு உம்மாவக் கூட்டிட்டுப் போங்க. சாவியத் தொடாதிய. நான் வாரேன்."

எஞ்சின் பிழைத்தது. துபாய் ஆயிலை வடித்துவிட்டு, காலி டின்னை என்னிடம் தந்தார். "இத அலமாரியில வைங்க. மச்சான் கண்ணுல படட்டும்." அன்றுதான் தன் கதையையும் சொன்னார். அவர் வேலை பார்த்த கப்பலில், கரை தெரிகிறதே என்று அழுத்தம் குறைந்த எஞ்சினை ஓட்டியிருக்கிறார்கள். அது இறுகி நின்றுபோக, மூன்று நாள் கப்பல் கடல் இழுத்த பக்கமெல்லாம் போயிருக்கிறது. "அன்னைக்குப் பிடிச்ச பயம் காக்கா. விடவே இல்ல" என்றார்.

லூர்தின் அடக்கத்துக்கு வந்தே தீருவேன் என்றார்கள் உம்மா. பஸ் ஏற அவர்களால் முடியாது. கடைக்கு நானே போனேன். "புதுசா ஒண்ணு வந்திருக்கு, போடுதியளா?" என்றார் கடைக்காரர். காரின் வயதை அவர் கேட்கவில்லை. "இருபது-ஐம்பது" என்று கேட்டு வாங்கிவந்தேன். ஊற்றிவிட்டு அளவுக் கம்பியை மூன்று தடவை உருவிப் பார்த்தேன்.

முக்காணி பாலத்தில் அன்றும் லாரிகள். பாதிக் கண் ரோட்டில், பாதிக் கண் விளக்கில். ஸ்டியரிங் வியர்வையில் வழுக்கியது. விளக்கு எரியவில்லை.

கல்லறைத் தோட்டத்து வாசலில் உம்மாவை இறக்கும்போதுதான் பார்த்தேன். என் போனை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். திரையில் லூர்தின் எண்.

"எதுக்கு உம்மா இது?"

"வெளக்கு எரிஞ்சா கூப்புடணும்லா."

அந்த எண்ணும் அவருடைய பயமும் என்னிடம் இருக்கின்றன. வியாழக்கிழமை உம்மாவுக்கு டயாலிசிஸ். மறுபடியும் முக்காணி பாலத்தைத் தாண்ட வேண்டும்.