அக்காவின் சீலையில் இருந்த சூடு

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான் ஆராய்வதெல்லாம் செத்த நட்சத்திரங்களைத்தான். கொத்தாக நட்சத்திரங்கள் நெருக்கியடித்து நிற்கும் இடங்களில், எரிந்து முடிந்த ஒன்று தனியாக அலையும். வழியில் ஒரு ஜோடி அகப்பட்டால், அதில் இலேசானதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் போய் நிற்கும். பிறகு உயிருள்ள துணையை உறிஞ்சத் தொடங்கும். விழுகிற வாயு கொதித்து எக்ஸ் கதிராக வீசும். செத்ததுதான் ஒளிர்கிறது என்று நினைப்போம். அந்தச் சூடு உயிரோடு இருப்பதிடம் பிடுங்கியது.

இதைச் சொன்னால் அம்மா, "வானத்துல இருக்கிறது அங்கயே இருக்கட்டும், நீ வீட்டப் பாரு" என்பார். வீடு என்றால் கெலிஓயாவில் அக்கா விட்டுப்போன வீடு. அக்கா காய்ச்சலில் போய் வருசம் ஆகப்போகிறது. அவளுடைய சின்னஞ்சிறு மகளுக்குத் தாய் வேண்டும், அத்தானுக்கு நான் கட்டிக்கொள்கிற முறை. எங்கள் சனத்தில் இதையெல்லாம் யாரும் பெண்ணிடம் கேட்கமாட்டார்கள். முடிவு செய்துவிட்டுச் சாப்பாடு போடுவார்கள். படிப்பை விட மனமில்லை, பிள்ளையை விடவும் மனமில்லை. பயமாக இருந்தது.

சுமங்கலியாகப் போனவளுக்குப் படைத்த சீலையை வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்த வேண்டும். புதுச்சீலைதான் படைப்பார்கள். ஆனால் முதல் வருசத் தெவசத்தன்று அம்மா, அக்கா உடுத்திய மஞ்சள் சீலையையே அலுமாரியிலிருந்து எடுத்துப் படைத்து என்னிடம் நீட்டினார்.

உடுத்தினேன். கண்ணாடியில் அக்கா நின்றாள். தோளில் யாரோ மடிப்பைச் சரிசெய்தது போலிருந்தது. திரும்பினேன், யாருமில்லை.

வெளியே வந்ததும் பிள்ளை ஓடிவந்து சீலையில் முகம் புதைத்தாள். என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அம்மாவுக்குக் கண் நிறைந்தது. வாசலில் நின்ற அத்தான் வெளிறிப்போனார். எப்போதும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர், வந்திருந்த சொந்தக்காரர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"சீலைய மாத்திட்டு வா, தங்கச்சி."

கொழுந்தியாளைச் சபையில் தங்கச்சி என்று அழைத்த பிறகு யார் கல்யாணப் பேச்செடுப்பது? அம்மா கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அறைக்குப் போய் உடை மாற்றினேன். கூடவே வந்த பிள்ளை, அவிழ்த்துப் போட்ட சீலையை அள்ளிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா சூடா இருக்காங்க, சித்தி."

அது என் சூடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.