அக்காவுக்கு நான் படித்துக் காட்டிய ஆட்டம்

போன சனிக்கிழமை பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கணினிக் கடையில் முக்கால் மணி நேரம் நின்று ஒரு கேம்பேட் தேர்ந்தெடுத்தேன். இதைச் சொன்னால் அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சொந்தச் சம்பளத்தில் கணினி வாங்கியவளுக்கு, அதில் எதைச் சொருகுவது என்று முடிவு செய்யவும் தெரியும்.

பழைய டிவி கேம்களைக் கணினியில் அப்படியே ஆடவைக்கும் மென்பொருள் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி வைத்திருந்தேன். முதலில் விசைப்பலகையிலேயே ஆடிப் பார்த்தேன். மேலாளருக்குக் கடிதம் தட்டச்சு செய்வதுபோல் இருந்தது. அதனால்தான் கடைக்குப் போனேன்.

கடையிலிருந்த சீன இளைஞன் முதலில் நீட்டியது இரண்டு பக்கமும் கொம்பு வைத்த, உள்ளங்கைக்குள் உருண்டு உட்காரும் ரகம்.

"திஸ் ஒன் பெஸ்ட் லா, மிஸ். ஃபார் யுவர் பிரதர் ஆ?"

"ஃபார் மீ," என்றேன். அவன் என்னை மறுபடியும் ஒருமுறை பார்த்தான்.

கொம்பு வைத்ததில் திசைப் பொத்தான் வட்டத் தட்டாக இருந்தது. வலப்பக்கம் அழுத்தினால் கொஞ்சம் மேலேயும் சரிந்தது. பழைய ஆட்டங்களுக்கு அது ஆகாது. அவற்றில் நான்கே திசைகள்தான். கட்டைவிரல் சிலுவை வடிவப் பொத்தானின் மேல் நின்று, எந்தப் பக்கம் என்று தீர்மானமாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது பேடில் பொத்தான்கள் கல்லைப்போல் இறுகியிருந்தன. மூன்றாவது மினுங்கியது, அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் அவன் அடி இழுப்பறையிலிருந்து தட்டையான, மூலைகள் சதுரமாக இருந்த ஒன்றை எடுத்தான். இடப்பக்கம் சிலுவை, வலப்பக்கம் இரண்டு சிவப்புப் பொத்தான்கள்.

"ஓல்ட் ஸ்டாக் லா, மிஸ். கார்னர் வெரி ஷார்ப். லேட்டர் யுவர் ஹேண்ட் பெயின்."

எனக்கு வேண்டியதே அந்த வலிதான் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? உறையைக் கிழித்ததும் புது பிளாஸ்டிக் வாடை வந்தது. வந்தது அங்கே நிற்காமல் என்னைக் கிள்ளானுக்குக் கொண்டுபோய்விட்டது.

கிள்ளான் என்றால் ஒரு மாடிப்படி. தெங்கு கிளானா சாலையில் கீழே மளிகைக் கடை, மேலே டிவி கேம் கடை. படியேறும்போது முதல் பாதியில் வறுத்த மல்லி வாசம், இரண்டாம் பாதியில் சூடேறிய அடாப்டர் வாடை. மேலே ஆறு டிவிகள். அரை மணி நேரக் கணக்கில் வந்து ஆடிவிட்டுப் போவார்கள். அந்தக் கடையைப் பார்த்துக்கொண்டது என் அக்கா.

எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி ஆறு டிவிகளின் நேரத்தை எப்படிக் கவனித்தாள் என்று கேட்பீர்கள். ஒரு பெரிய அட்டையில் கடிகாரம் வரைந்து, ஒவ்வொரு டிவிக்கும் ஒரு நிறத்தில் துணி கிளிப்பு வைத்திருந்தாள். ஒருவர் வந்து உட்கார்ந்ததும், அவர் நேரம் எங்கே முடியுமோ அந்த இடத்தில் அட்டையின் விளிம்பில் கிளிப்பை மாட்டிவிடுவாள். சுவர்க் கடிகாரத்தின் முள்ளும் அதே இடத்துக்கு வந்தால், "பச்சை, எழுந்திரு!" கெஞ்சல் எதுவும் அவளிடம் செல்லாது. ஆட்டம் அடங்கிய கெசட்டுகளை மேலட்டைப் படத்தையும் தேய்ந்த மூலையையும் வைத்தே அடையாளம் கண்டுகொள்வாள்.

அக்கா பள்ளிக்கூடம் போகாததற்குக் காரணம் ஒரு தாள். அவள் பிறந்தது தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில். பிரசவம் பார்த்த ஆயா பிறப்பைப் பதிந்திருப்பார் என்று அப்பா நினைத்தார். அப்பா பதிந்திருப்பார் என்று ஆயா நினைத்தார். அவர்கள் இருவரில் ஒருவர் பதிந்திருப்பார் என்று தோட்டத்து அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்த கிராணி நினைத்தார். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க முடியவில்லை. பத்து வருடம் கழித்து நான் கிள்ளான் மருத்துவமனையில் பிறந்தேன். என் தாள் என்னோடே வீட்டுக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் புத்தகப் பையைத் தோளில் மாட்டிய முதல் ஆள் நான். இதை எழுதும்போதுகூடக் கழுத்து கொஞ்சம் நிமிர்கிறது, மன்னியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை பதினொரு மணிக்குத்தான் திறக்கும். அக்கா ஒன்பதுக்கே போய் கெசட்டுகளின் உலோகப் பற்களைப் பஞ்சுக் குச்சியால் துடைக்க வேண்டும். துடைத்து முடித்தால் மீதி நேரத்தில் ஆடிக்கொள்ளலாம் என்று கடை முதலாளி சொல்லியிருந்தார். சீனர். எங்கள் வாயில் அவர் வெறும் 'பாஸ்'. அவர் வாயில் அக்கா 'தங்காச்சி'. நான் துணைக்குப் போவேன். துணைக்கு என்று அம்மாவிடம் சொன்னது. உண்மையில் ஆட்டம் பார்க்க.

ஒருநாள் அக்கா புது கெசட் ஒன்றைச் சொருகினாள். இது சுடுகிற ஆட்டம் இல்லை. சின்ன வீரன் ஒருவன் ஊர் ஊராக நடக்கிறான். எதிரில் வருபவர்கள் நின்று பேசுகிறார்கள். பேசினால் கீழே ஒரு கட்டத்தில் எழுத்து ஓடும். உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருப்பதால், விட்ட இடத்தை அடுத்த ஞாயிறு வரை நினைவில் வைத்திருக்கும்.

"என்னடி பாப்பா போட்டிருக்கு?"

நான் பார்த்தேன். தமிழ் இல்லை. ஆங்கிலமும் இல்லை, மலாயும் இல்லை. குச்சி குச்சியாக, வளைவு வளைவாக ஏதோ. நான்காம் ஆண்டில் வகுப்பில் முதல் மாணவி நான். எனக்குத் தெரியாது என்ற வார்த்தை அப்போது என் அகராதியில் ஏறியிருக்கவில்லை.

"ராஜாவோட மகள காணோமாம். தேடிக் கொடுக்கச் சொல்றாரு."

"அய்யோ பாவம். எங்க காணாமப் போச்சாம்?"

இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு பொய் சொன்னால் அதற்குச் சாப்பாடு போட்டு வளர்க்க வேண்டியிருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஐந்து மாத ஞாயிறுகள் நான் கதை கட்டினேன். மீன் விற்கும் கிழவிக்கு மருமகளோடு சண்டை மூட்டினேன். ஒரு பூதத்துக்குப் பல்வலி கொடுத்தேன். அக்கா பேடை மடியில் வைத்துக்கொண்டு, நாக்கு நுனியைப் பல்லில் கடித்தபடி ஆடுவாள். கட்டைவிரலை ஒருமுறைகூடக் குனிந்து பார்க்க மாட்டாள். ஒரு நகரத்தின் வாசலில் காவல்காரன் வழியை மறித்தான்.

"என்னவாம் இவனுக்கு?"

"சூராட் இல்லாம உள்ள விடமாட்டானாம்."

எங்கள் வீட்டில் அக்காவுக்கு இல்லாத அந்தத் தாளுக்கும் சூராட் என்றுதான் பெயர். அக்காவின் விரல் நின்றது. "இங்கயுமா?" என்றாள்.

அதன்பிறகு அவள் ஆடிய ஆட்டம் வேறு. அந்த வீரனுக்கு ஒரு தாள் கிடைக்க வேண்டுமென்று குகை குகையாக ஏறி இறங்கினாள். ஒரு பெட்டியில் சுருட்டிய ஓலைபோல் ஏதோ கிடைத்தது. "சூராட் கிடைச்சிருச்சுக்கா!" என்று கத்தினேன். அவள் எழுந்து நின்று கைதட்டினாள். அப்போதாவது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

அடுத்த ஞாயிறு ஆட்டத்தைத் திறந்ததும் வழக்கமில்லாத ஒரு கட்டம் வந்தது. இரண்டு வரி. எதையாவது தேர்ந்தெடுக்கச் சொல்கிறது.

"எதுடி?"

"மேல இருக்கறதுதான். விட்ட இடத்துக்குப் போகும்."

யோசிக்கக்கூட இல்லை. அக்கா அழுத்தினாள். துக்க வீட்டில் ஊதுவதுபோல் ஒரு சின்ன இசை. பிறகு முதல் நாள் பார்த்த அதே ஊர், அதே ராஜா. வீரன் கையில் ஒன்றுமில்லை. ஐந்து மாதம் அழிந்திருந்தது.

அக்கா போட்ட சத்தம் கேட்டு, கடை திறக்க வந்திருந்த பாஸ் எட்டிப் பார்த்தார். "அய்யோ தங்காச்சி, இது ஜப்பான் எழுத்துலா! நான்கூட படிக்கத் தெரியாது. யாரு இத அமுக்கச் சொன்னது?"

அக்கா என்னைப் பார்த்தாள். அதிக நேரம் இல்லை, ஒரு கிளிப்பை எடுத்து மாட்டும் நேரம்தான்.

"யாரும் சொல்லல பாஸ். நாந்தான் தெரியாம அமுக்கிட்டேன்."

பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அடுத்த வாரம் கிளினிக் அட்டையை எடுத்துக்கொண்டு மூன்றாவது வீட்டு ஆன்டியிடம் போனாள். அதுவரை நான்தான் படித்துச் சொல்வேன். பிறகு மருந்து உறை, மின்சாரக் கட்டணம், கோயில் நோட்டீஸ் எல்லாமே ஆன்டி வீட்டுக்குப் போயின. நான் வீட்டுப்பாடம் செய்வதுபோல் உட்கார்ந்து, அவள் காலடிச் சத்தம் என்னைத் தாண்டிப் போவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முதல் மாணவிகள் அதில் கொஞ்சம் மக்கு.

ஒரு சனிக்கிழமை, பள்ளிச் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து எதிரில் குந்தினாள். கையில் பழுப்பு உறை. ஐ.சி.க்கு, அதாவது அடையாள அட்டைக்கு, விண்ணப்பித்திருந்தாள். அதற்கு வந்த பதில். ஆன்டி வீட்டு ஜன்னல் திறந்துதான் இருந்தது. உள்ளே வானொலி பாடிக்கொண்டிருந்தது.

"உள்ளத உள்ளபடி படிக்கணும்," என்றாள். "நல்லதா இருந்தாலும் சரி, கெட்டதா இருந்தாலும் சரி."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். மலாயில் இருந்தது. மூன்றாவது வரியில், அரசாங்கக் கடிதங்கள் வருத்தம் தெரிவிக்கும் அந்தச் சொல் நின்றது. அக்காவின் முகம் ஒரு முழம் தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் மாற்றிச் சொன்னால் இன்று அவள் சிரிப்பாள். எனக்குத்தான் கதை கட்ட வருமே!

"கிடைக்கலக்கா," என்றேன். "இங்க பொறந்ததுக்கு ஆதாரம் பத்தலன்னு போட்டிருக்கு."

"இன்னொரு வாட்டி படி."

படித்தேன். ஒவ்வொரு சொல்லாக, மலாயில் சொல்லித் தமிழில் சொன்னேன். தெரியாத ஒரு சொல் வந்தது. "இது எனக்குத் தெரியலக்கா," என்றேன். அவளிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா தலையாட்டினாள். "சரி, அத விடு. கடைசியில என்ன இருக்கு?" கடைசியில், பிறந்தபோது உடனிருந்தவரின் சாட்சியோடு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். பிறகு சப்பாத்து ஒன்றை எடுத்துத் தானும் வெள்ளை பூச ஆரம்பித்தாள். அன்றிலிருந்து ஆன்டி வீட்டுக்குப் போகவில்லை.

அந்த ஆயாவைத் தேடிக் கண்டுபிடிக்க ஒன்றரை வருடம் ஆனது. ஐ.சி. வந்த மாதமே அக்காவுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம். நாங்கள் ஆசைப்பட்ட தாள்தான், ஆனால் அது வந்ததும் எங்கள் காலை ஒன்பது மணி போய்விட்டது. கொஞ்ச நாளில் பாஸ் கடையை மூடிவிட்டு ஈப்போவுக்கு, மகன் வீட்டுக்குப் போனார். இப்போது அந்த மாடிப்படியில் இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். லயம் இருந்த இடத்தில் வரிசை வீடுகள்.

அதே ஆட்டத்தை யாரோ புண்ணியவான் ஆங்கிலத்தில் மாற்றி இணையத்தில் போட்டிருக்கிறான். புது பேடை வைத்து ஒரே வாரத்தில் பாதி தூரம் போய்விட்டேன். ராஜாவுக்கு மகளே இல்லை. காவல்காரன் கேட்டது சூராட் இல்லை, பாலம் உடைந்திருக்கிறது என்று எச்சரித்திருக்கிறான், பாவம். பூதத்துக்குப் பல் நன்றாகவே இருக்கிறது. உண்மைக் கதை பரவாயில்லை ரகம். என் கதைதான் நன்றாக இருந்தது என்று பெருமைக்காகச் சொல்லவில்லை, இரண்டையும் தெரிந்தவள் நான் ஒருத்திதானே.

நேற்று அக்கா சுங்கை பூலோவிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் என் வாடகை அறைக்கு வந்தாள். பேடை மடியில் வைத்துக்கொடுத்தேன். சதுர மூலை உள்ளங்கையில் பட்டதும் சிரித்தாள். படகுக்காரன் ஒருவன் வந்தான். கீழே கட்டத்தில் ஆங்கில எழுத்து ஓடியது. சொல்வதற்காக நான் மூச்சை இழுத்தேன்.

"தி... ரிவர்... இஸ்... டீப்," என்றாள் அக்கா. தொழிற்சாலையில் வேலை முடிந்தபின் நடந்த எழுத்து வகுப்பில் மூன்று வருடம் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு சொல்லிலும் நின்று, உதடு அசைத்து, தானே தலையாட்டிக்கொண்டு படித்தாள். இழுத்த மூச்சை மெல்ல விட்டேன். அவள் என் பக்கம் திரும்பாமலே சிவப்புப் பொத்தானை அழுத்தி அடுத்த வரிக்குப் போனாள்.