மூன்று கொட்டேஷனும் ஐந்து சென்ட் முள்ளும்

புது இரும்புக்கென்று ஒரு வாசனை உண்டு. கடையில் பூசிய கிரீஸும், சுற்றிக் கொடுத்த செய்தித்தாளின் மையும், எங்கேயோ தொடங்கிவிட்ட துருவும் கலந்த அந்த வாசனையின் மேல்தான் எட்டாம் வகுப்பு முழுக்க நான் படுத்துத் தூங்கினேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்த இரண்டு அறை வாடகை வீட்டில் என் கட்டிலுக்கு அடியைத் தவிர வேறு காலி இடம் கிடையாது. அங்கேதான் அப்பா தன் "சாமான்"களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அடுக்கினார். என் தலையணை, பள்ளிச் சீருடை, ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றிலும் அந்த வாசனை ஏறிவிட்டது. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், எங்கள் வீட்டில் இரும்புக் கடை வைத்திருக்கிறோமா என்றே ஒருநாள் கேட்டுவிட்டாள்.

கடை வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை, நாலு பேராவது வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

அம்மா சிதம்பரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. அப்பா மஞ்சக்குப்பத்திலேயே ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். காலையில் அம்மா அடுப்படியில் நின்றுகொண்டே காபியைக் குடித்துவிட்டு ஆறரை மணி பஸ்ஸுக்கு ஓடுவாள். திரும்பி வரும்போது ஏழு, ஏழரை ஆகிவிடும். நானும் தம்பியும் நாலு மணிக்குப் பள்ளி விட்டு வந்து, ஜன்னல் கம்பிக்குப் பின்னால் வைத்திருக்கும் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, ஆறிப்போன சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம். தம்பி அப்போது இரண்டாம் வகுப்பு. "அம்மா எப்ப வரும்?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்பான். அவனுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கே அழுகை வரும். ஆனால் அழுதால் அவனும் அழுவான் என்பதால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன்.

இதற்கெல்லாம் ஒரு முடிவு அம்மாவிடம் இருந்தது. சிதம்பரத்துக்கு வெளியே, தெருக்கள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில், தன் வளையல்களைக் கொடுத்து ஐந்து சென்ட் மனை வாங்கிப் போட்டிருந்தாள். அங்கே வீடு கட்டிக் குடிபோய்விட்டால் அப்பா கடலூருக்குப் பஸ்ஸில் போய் வரலாம், அம்மா நாலு மணிக்கு வீட்டில் இருப்பாள். எங்கள் வீட்டில் "நாலு மணி" என்பது ஏதோ தீபாவளி மாதிரி பேசப்பட்ட விஷயம். நடுவில் இருந்த ஒரே தடை, அந்த மனை முழுக்க ஆள் உயரத்துக்கு மேல் மண்டிக் கிடந்த சீமைக்கருவேல முள். மேஸ்திரி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, முள்ளை எடுத்தால்தான் அஸ்திவாரத்துக்கு நூல் பிடிக்க முடியும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஆளெல்லாம் வேணாம். நானே பாத்துக்கறேன்" என்றார் அப்பா. எங்கள் குடும்பத்துக்குப் பிடித்த சனி அந்த வாக்கியம்தான்.

வேறு மனிதராக இருந்தால் ஓர் அரிவாளை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறியிருப்பார். அப்பா ஒரு கோப்பைத் திறந்தார். நிஜமாகவே கோப்பு: பழுப்பு அட்டை, வெள்ளை நாடா, மேலே "மனை சுத்தம் செய்தல் – தொடர்பாக" என்று அவருடைய அழகான கையெழுத்து. முதல் வேலையாக டேப்புடன் போய் முள்ளை அளந்து வந்தார். தூர்களைப் பெரிசு, நடுத்தரம், சிறிசு என்று பிரித்துப் பட்டியல் போட்டார். அடுத்து, எந்தச் சாமானானாலும் மூன்று கடையில் கொட்டேஷன் வாங்காமல் வாங்கக் கூடாது என்று முடிவு செய்தார். அலுவலகத்தில் நாற்காலி வாங்க அதுதான் முறையாம். கோடாலி விற்கும் கடைக்காரரிடம் போய் எழுத்து மூலம் விலை கேட்டால் அவர் என்ன செய்வார்? முதல் கடைக்காரர் சிரித்தார், இரண்டாமவர் திட்டினார், மூன்றாமவர் பீடிக்கட்டு அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். அந்த அட்டையும் கோப்பில் சேர்ந்தது.

கோடாலிக்கு இரும்பு ஓரிடம், காம்பு ஓரிடம். காம்புக்காகப் பண்ருட்டி தாண்டித் திருவதிகை வரைக்கும் போய் வந்தார், அங்கே ஒரு பட்டறையில் நல்ல கட்டை கிடைக்கும் என்று யாரோ சொன்னார்களாம். பெரிய தூருக்கு ஒரு கோடாலி, நடுத்தரத்துக்கு இன்னொன்று. கடப்பாரை கனமா லேசா என்று தீர்மானிக்க ஒரு மாதம். முள்ளை ஒதுக்கித் தள்ளக் கவைக்கோல். காலுக்குக் கம்பூட்ஸ், கைக்குத் தோல் உறை. உறை வாங்கிய பிறகு, அதைப் போட்டுக்கொண்டு கோடாலியைப் பிடித்தால் பிடி வழுக்குகிறது என்று கண்டுபிடித்து வேறு உறைக்கு அலைந்தார். மாலையில் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய மனிதர் கடை கடையாக நின்றதால், நாங்கள் இருட்டும் வரை தனியாகவே இருந்தோம். அம்மா நாலு மணிக்கு வரவேண்டும் என்பதற்காகத்தான் அப்பா ஏழு மணிக்கு வந்தார் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆடியில் மிஷின் வந்தது. தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் பெட்ரோல் மிஷின். அதைத் தேர்ந்தெடுத்த பெருமையில் தெருவுக்கே கேட்கும்படி ஓட்டிக் காட்டினார். அதன் முனையில் ஒரு நைலான் கயிறு சுற்றிச் சுற்றி வந்து எதிர்வீட்டுக்காரர் வாசலில் இருந்த கனகாம்பரத்தை மொட்டையடித்தது. ஆனால் சீமைக்கருவேலத்தை நைலான் கயிறு என்ன செய்யும்? அதற்கு இரும்புப் பல்சக்கரம் வேண்டும் என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. சக்கரத்துக்கு மூன்று கொட்டேஷன்.

அம்மா பொறுமைசாலி. ஆனால் அன்றைக்கு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால் வலியோடு செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "ஏங்க, நீங்க முள்ள வெட்டப் போறீங்களா, இல்ல முள்ளுக்கு மாப்ள பாக்கறீங்களா?"

"அவசரப்படாத. சாமான் முழுசா சேராம வேலையில கை வச்சா பாதியில நின்னுடும்."

"ஆரம்பிச்சாதானங்க பாதியில நிக்கறதுக்கு? வீட்டு வேல ஆரம்பிச்சா உங்களுக்கு மொட்ட போடறேன்னு திருவந்திபுரத்துல வேண்டிக்கினு வந்திருக்கேன். உங்க முடி நரைக்கறதுக்குள்ளயாச்சும் ஆரம்பிங்க."

"என்னக் கேக்காம என் முடிய வேண்டிக்கினியா?" என்றார் அப்பா. அவருக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது.

புரட்டாசி பிறந்தபோது எல்லாம் சேர்ந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் இனி ஒரு குண்டூசி வைக்க இடமில்லை. நான் நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமையை வட்டமிட்டேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, இத்தனை புதுச் சாமானையும் ஆயுத பூஜைக்கு வைக்காமல் எப்படித் தொடுவது, இன்னும் மூன்று வாரம்தானே என்றார். ஆயுத பூஜை வந்தது. கோடாலி, கடப்பாரை, மிஷின், கம்பூட்ஸ் ஜோடி உட்பட எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, கற்பூரம் காட்டினார். கம்பூட்ஸுக்குப் பொட்டு வைத்த ஒரே வீடு கடலூரில் எங்களுடையதாகத்தான் இருக்கும். மறுநாள் விஜயதசமி, அதற்கடுத்த ஞாயிறு வேலை என்று முடிவாயிற்று. சனிக்கிழமை மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மனையில் முழங்கால் தண்ணீர் நின்றது, பொங்கல் வரை வடியவில்லை. நான் போட்ட வட்டத்தை அழி ரப்பரால் அழிக்கப் பார்த்தேன், பேனா மை போகவில்லை.

மாசியில் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், பள்ளிச் சத்துணவு சமைக்கும் லட்சுமி அக்காவிடம் அம்மா இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறாள். அக்காவின் வீட்டில் விறகை மண்ணால் மூடி எரித்துக் கரி மூட்டம் போடுகிறவர்கள். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம்: "இன்னா டீச்சர், இதுக்கா ஒரு வருசம்? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களே வெட்டி எடுத்துக்கினு போயிருப்போமே. காசெல்லாம் வாணாம், வெறவு எங்களுக்கு. தூரு இன்னும் நல்லது, கரி ஜாஸ்தி நிக்கும்."

அடுத்த வியாழக்கிழமை, பள்ளிக்கு இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு, லட்சுமி அக்காவும் அவருடைய உறவுப் பெண்கள் மூன்று பேரும் இறங்கினார்கள். இரண்டு அரிவாள், ஒரு கோடாலி, ஒரு கடப்பாரை. கோடாலிக் காம்பில் சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார்கள். காலில் ரப்பர் செருப்பு, தலையில் துண்டு. ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நாங்களும் அப்பாவுடன் போய்ச் சேர்ந்தபோது முக்கால் மனை வெட்டவெளியாகக் கிடந்தது. நான் முதல் தடவையாக எங்கள் மனையின் மண்ணைப் பார்த்தேன். சாதாரண மண்தான், ஆனால் தம்பி அதில் விழுந்து புரண்டான்.

அப்பா ஒரு மினி லாரியில் எல்லாச் சாமானையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கம்பூட்ஸ், கையுறை சகிதம் இறங்கி, மிச்சத்தை இதை வைத்து வெட்டுங்கள் என்று பெரிய கோடாலியை நீட்டினார். லட்சுமி அக்கா வாங்கி, விரலால் தடவிப் பார்த்து, ஒரு தூரில் ஒரே ஒரு வெட்டு வெட்டினார். கோடாலி துள்ளித் திரும்பியது.

"பொட்டெல்லாம் வச்சி லட்சணமாத்தான் இருக்குது சார். வாய் தீட்டவே இல்லியே?"

புதுக் கோடாலி கடையிலிருந்து வரும்போது மொண்ணையாகத்தான் வரும், சாணை பிடித்த பிறகுதான் அது கோடாலி. பத்து மாதம், ஒரு கோப்பு, அத்தனை கொட்டேஷன். சாணை என்ற ஒரு வார்த்தை அதில் எங்கேயும் இல்லை. அம்மா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பிடுங்கிப் போட்டிருந்த ஒரு தூரின் மேல் உட்கார்ந்து, எங்கள் முன்னாலேயே புடவைத் தலைப்பில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அப்பா கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

முள் நான்கு நாளில் போயிற்று. கொட்டேஷன் போகவில்லை. செங்கலுக்கு மூன்று, ஜன்னல் கம்பிக்கு மூன்று, நிலைக்கதவுக்கு ஏழு என்று நாலு வருடம் ஓடியது. கிருகப்பிரவேசத்துக்கு முந்தின வாரம்தான் அப்பா திருவந்திபுரத்தில் மொட்டை போட்டுக்கொண்டார். அதற்குள் முடி நரைத்துவிட்டிருந்தது. பால் காய்ச்சிய மறுநாள் காலையில் நான் கல்லூரி விடுதிக்குக் கிளம்பினேன். அன்றிலிருந்து அம்மா நாலு மணிக்கு வீட்டில் இருந்தாள். தம்பிக்கு அது கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

இன்று அந்த மனையைச் சுற்றி ஒரு சீமைக்கருவேலம் கிடையாது. வயல் கிடையாது, காலி மனைகூடக் கிடையாது. மாடி வீடுகளும் தண்ணீர்த் தொட்டிகளும்தான். லட்சுமி அக்கா காலமாகிவிட்டார். கரி மூட்டம் போட்ட இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. அப்பாவின் சாமான்கள் மட்டும் மாடிப்படிக்கு அடியில் அப்படியே இருக்கின்றன, வருடா வருடம் பொட்டு வாங்கிக்கொண்டு. அம்மாவுக்கு அவற்றைப் பார்த்தால் இப்போதும் முகம் சுளிக்கும்.

இந்த வருடம் ஆயுத பூஜைக்குச் சென்னையிலிருந்து போயிருந்தேன். விஜயதசமி அன்று மதியம் அப்பா பூஜையில் வைத்தவற்றைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். பெரிய கோடாலியைக் கையில் எடுத்தவர் அதன் வாயை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "முள்ளு மொதக்கொண்டு கதவு வரைக்கும் அப்பவே ஆள வுட்டு முடிச்சிருந்தா, நீயும் நாலு வருசமாச்சும் இந்த வூட்ல இருந்திருப்ப."

இதை அவர் வாயால் சொல்ல வைக்கத்தான் இத்தனை காலம் குத்திக் குத்திப் பேசியிருக்கிறேன். சொன்ன பிறகு எனக்குக் கோபப்படத் தெரியவில்லை. "வுடுப்பா" என்று கோடாலியை வாங்கி நானே உள்ளே தள்ளி வைத்தேன். கையில் அந்தப் பழைய கிரீஸ் வாசனை ஒட்டிக்கொண்டது.

மணி நாலு. அம்மா காபி போட்டுவிட்டுக் கூப்பிட்டாள், பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாள். எனக்கு நாலரைக்குச் சென்னை பஸ். அடுப்படியில் நின்றுகொண்டே குடித்துவிட்டு ஓடினேன்.