தோணியில் கட்டிய குடை

மாமாவின் தோணியில் நடுப்பலகையோடு சேர்த்து ஒரு கறுப்புக் குடை கட்டியிருக்கும். ஆரையம்பதித் துறையில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. மாமிக்கு லூபஸ் வருத்தம். வெயில் பட்டால் முகம் சிவந்து தடிக்கும், மூட்டெல்லாம் வீங்கும். ஆனால் வாவிக்குப் போகாமல் இருக்கவும் அவவால் முடியாது. வலை இழுப்பது மாமா, மீன் கழற்றுவது மாமி; கலியாணம் முடித்த காலத்திலிருந்து அப்படித்தான். அதனால் குடை வந்தது.

வருத்தம் என்று கேள்விப்பட்ட ஊர் சும்மா இருக்கவில்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது என்று தாங்களே முடிவெடுத்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து முருங்கையிலைக் கஞ்சி வந்தது, காத்தான்குடியிலிருந்து தேனில் குழைத்த கருஞ்சீரகம் வந்தது. மாமா தன் பங்குக்கு நண்டுச் சூப் வைத்தார். பல்கலைக்கழக விடுமுறையில் வந்த நான்தான் விஷயத்தைப் போட்டுடைத்தேன். மாமிக்குச் சக்தி குறையவில்லை, கூடிப்போய்விட்டது. கிருமியைத் தேடிப் பிடிக்க வேண்டிய ரி-கலங்கள் என்ற இரத்தக் காவலணுக்கள் ஆள் தெரியாமல் அவவுடைய உடம்போடேயே மல்லுக்கு நிற்கின்றன என்றேன். மாமா மாமியை மேலும் கீழும் பார்த்தார்.

“எனக்கு இது கலியாணம் முடிச்ச அண்டைக்கே தெரியும் புள்ள.”

மாமி சிரித்துச் சிரித்தே நண்டுச் சூப்பைக் குடித்து முடித்தா. அந்தச் சிரிப்பை நான் மறக்கவே மாட்டேன்.

அன்றிருந்த மருந்து அந்தக் கலங்களோடு சேர்த்து உடம்பின் மொத்தக் காவலையும் அடக்கிவிட்டது. மூட்டு வீக்கம் வடிந்தது. ஆனால் மாரியில் வந்த சாதாரணச் சளிக்காய்ச்சலைத் தடுக்க உள்ளே ஆளில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் மாமி தப்பவில்லை.

இப்போது நான் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். ரி-கலங்களுக்குள்ளேயே மற்றவற்றை அமைதிப்படுத்தும் ஒரு வகை உண்டு. நோயாளியின் இரத்தத்திலிருந்து அவற்றைப் பிரித்து, பெருக்கி, திரும்ப உடம்புக்குள் விடப் பார்க்கிறோம். காவலைக் கலைக்காமல் சண்டையை மட்டும் நிறுத்த வேண்டும். அண்மையில் எலிகளில் அது சரிவந்தது.

லீவில் வந்து தோணியின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்ததும் மாமாவிடம் முதலில் சொன்னது அதைத்தான். இது அப்போதே இருந்திருந்தால் அவள் இருந்திருப்பாளா என்று கேட்டார். இருந்திருக்கலாம் என்றேன், இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மனிசருக்கு எப்போது கொடுப்பீர்கள் என்றார். இன்னும் வருடக்கணக்காகும் என்றேன்.

மாமா தோணி தள்ளும் கம்பைக் கிடத்தினார். பிறகு குனிந்து, கம்பியெல்லாம் துருப்பிடித்த அந்தக் குடையை விரித்தார். நிழல் மாமியின் இடத்தில் விழுந்தது.

“வருசக்கணக்கா ஆக்காம கெதியாச் செய் புள்ள,” என்றார்.