என் அருவருப்பை எடுத்துப்போட்ட ஆண்டவர்

என் தம்பியைப் பார்த்தாலே எனக்குக் குமட்டிய நாட்கள் உண்டு. இப்போது அந்த நாட்களை நினைத்தால் என்னைப் பார்த்தே எனக்குக் குமட்டுகிறது. பிரியமான சகோதர சகோதரிகளே, மறைக்காமல் சொல்கிறேன், கேளுங்கள்.

என் பெயர் ஸ்டெல்லா. குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். கணவர் கடலுக்குப் போகிறார், நான் மீன் விற்கிறேன். தம்பி ஜெறோம், அம்மா இறந்த பிறகு நான் வளர்த்த பிள்ளை. கல்ஃபில் மீன்பிடி படகில் வேலை பார்த்தான். விசா புதுப்பிக்க இரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரமே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

வந்த மூன்றாம் நாள், நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“எக்கா, எனக்க ரத்தத்துல எச்.ஐ.வி. இருக்காம். அதனாலயாக்கும் அனுப்பி விட்டானுவ.”

நான் எழுந்து தள்ளிப் போனேன். அவன் அதைப் பார்த்தான்.

அன்றே அவனை வலை போட்டிருந்த கொட்டகைக்கு மாற்றினேன். அவன் படுத்த பாயை எரித்தேன். கிணற்றுக் கயிற்றைத் தொடக் கூடாது என்றேன். நானே இறைத்து, அவன் ஏந்திய குடத்தில் உயரத்திலிருந்து ஊற்றினேன். அவன் நகம் வெட்டிய இடத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினேன். தொட்டால் வராது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னான். நான் காதில் வாங்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை தருவார்கள், துணைக்கு வா என்று கூப்பிட்டான். “நீயே போயிட்டு வா மக்கா” என்றேன். அவன் போகவில்லை.

எங்கள் தெருவுச் செபக்குழுவான அன்பியத்தின் தலைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். செபிக்கச் சொல்லித்தான் சொன்னேன் என்று வெகுநாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அவன் இரகசியத்தை அவனைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன் என்பதுதான் உண்மை. ஞாயிறு பூசைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அன்பியத்துப் பெண்கள் செபிக்க வந்தார்கள். முற்றத்தைத் தாண்டி ஒருவரும் வரவில்லை. மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டே செபமாலை சொன்னார்கள். கடைசி மணி உருளும் முன்பே ஒருத்தி குனிந்து, “எவளுக்க கிட்ட போனானாம்?” என்று கேட்டாள். நான் போட்டுக் கொடுத்த தேயிலையை இன்னொருத்தி குடிக்காமல் வாழை மரத்தடியில் கொட்டினாள்.

மறுநாள் சந்தையில், வருஷக்கணக்காக என்னிடம் மீன் வாங்குகிற அக்கா கையில் எடுத்த சாளை மீனைப் பொத்தென்று போட்டாள்.

“ஏட்டி, இது அவனுக்க கையி பட்ட மீனா?”

விரல் விரலாகச் சேலையில் துடைத்தாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். தினமும் ஜெறோமுக்கு நான் காட்டிய முகம் அது. என் உடம்பெல்லாம் எச்சில் பட்டதுபோல் இருந்தது. இவன் இதை எத்தனை நாளாகத் தாங்குகிறான்!

மீனை அப்படியே விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனேன். உச்சி வெயில். உள்ளே ஒருவரும் இல்லை. தம்பியைக் குணமாக்கும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. “ஆண்டவரே, எனக்க மனசுல கிடக்குற இந்த அறப்ப, இந்த அருவருப்ப எடும். இல்லேன்னா என்னையே எடும்” என்று கதறினேன்.

வீட்டுக்கு வந்தால் கொட்டகைத் தரையில் ஜெறோம் காய்ச்சலில் சுருண்டு கிடக்கிறான். சுற்றிலும் வாந்தி. அந்த நிலையிலும் கையை நீட்டித் தடுத்தான்.

“கிட்ட வராண்டாம் எக்கா. உனக்கும் வந்திரும்.”

என் பேச்சை அவன் வாயால் கேட்டேன். ஓடிப்போய் அவன் தலையை மடியில் எடுத்தேன். வாயைத் துடைத்தேன். குமட்டும் என்று காத்திருந்தேன். குமட்டவில்லை. வாந்தி நாறத்தான் செய்தது. எந்தப் பிள்ளையின் வாந்தியும் நாறும். என் தம்பி என் மடியில் கிடந்தான். அவ்வளவுதான் தெரிந்தது.

நானும் கணவருமாக ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள். தொட்டால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது, ஒரே கிணற்றுத் தண்ணீரால் வராது. அன்றுதான் அது எனக்குள் இறங்கியது. தேறியதும் ஜெறோமிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“விடு எக்கா. நானே எனக்க உடம்பத் தொட அறச்சவன்தான்” என்றான்.

அதைக் கேட்டு அழுததுபோல் அம்மா செத்ததற்குக்கூட நான் அழவில்லை.

நோய் போய்விட்டது என்று நான் சாட்சி சொல்லவில்லை. தினமும் மாத்திரை, ஆயுளுக்கும். ஆனால் போன பரிசோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்றார்கள். என் கணவரோடு கடலுக்குப் போகிறான். ஆண்டவருக்கும் அந்த ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் நன்றி.

ஊர் மாறிவிட்டது என்றும் பொய் சொல்ல மாட்டேன். நற்கருணை வரிசையில் அவனுக்குப் பின்னால் நிற்க நேர்ந்தால் அடுத்த வரிசைக்கு நழுவுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நற்கருணை வாங்கப் போகிற வழியிலா இது? திட்ட வாய் வரும். நான் செய்தது ஞாபகம் வரும். அவர்களுக்காகவும் செபிக்கிறேன்.

உங்களில் யாருக்காவது யாரையாவது தொட அறப்பாக இருக்கிறதா? வெட்கப்படாமல் ஆண்டவரிடம் சொல்லுங்கள். என்னிடமிருந்து எடுத்தவர் உங்களிடமிருந்தும் எடுப்பார். கேட்டுவிட்டுக் கோயிலிலேயே உட்கார்ந்திருக்காதீர்கள். எழுந்து அந்த ஆளிடம் போங்கள். என் செபத்துக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது.