வரி இல்லாத கல்யாண மண்டபம்

சடையப்பனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. 2002-இல் இரண்டு நாட்டுப் பட்டாளமும் எல்லையில் மாதக்கணக்கில் முறைத்துக்கொண்டு நின்று, சண்டை போடாமலே திரும்பிப் போன சமயம் அது. ராஜஸ்தான் பக்கம் புதைத்து வைத்திருந்த கண்ணிவெடிகளைத் தோண்டி எடுக்கிற வேலை அவருடைய பிரிவுக்கு வந்தது. காற்றில் மணல் இடம் மாறியிருந்தது. வரைபடம் ஓர் இடத்தைக் காட்டியது, வெடி வேறோர் இடத்தில் கிடந்தது. இதற்கு மேல் அந்தக் கதையை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

புனேயில் பொருத்திய செயற்கைக் காலோடு 2004-இல் ஊருக்கு வந்தார். ஊர் வெள்ளாங்கரை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் பஸ் ஒரு நிமிஷம் நின்று போகிற சின்னப் பேரூராட்சி. வந்த கையோடு இரண்டு அறை வைத்து ஒரு தளம் போட்ட வீடு கட்டினார். முன்பக்கம் ஒரு ஷட்டர் இறக்கி, எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். உட்கார்ந்து செய்கிற வேலை. கரும்புக்காரர்களும் நெல்லுக்காரர்களும் மோட்டாரை டிவிஎஸ் வண்டியில் கட்டித் தூக்கிவருவார்கள். அவர் கட்டிய காயில் வருஷக்கணக்கில் நிற்கும் என்று பேர் வந்துவிட்டது.

போரில் ஊனமானவர்களும் போரில் புருஷனை இழந்தவர்களும் குடியிருக்கிற வீட்டுக்கு வீட்டு வரி கட்ட வேண்டியதில்லை என்று அரசாணை இருப்பதை அவருக்குச் சொன்னது கடலூரில் இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகம். சொன்னதோடு நிற்காமல் ஒரு கடிதமும் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு 2005-இல் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே வரிப் பிரிவில் உத்திராபதி என்று ஒரு கிளார்க். வெற்றிலை போடுகிறவர். கடிதத்தை ஓரமாகப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"போருல ஊனமானவங்கன்னுதான் சார் ஆர்டர்ல இருக்கு. ரெண்டாயிரத்து ரெண்டுல எங்க போர் நடந்துச்சு?"

சடையப்பன் எல்லையில் நின்றதைச் சொன்னார். நின்றதெல்லாம் போர் ஆகாது, சண்டை நடந்திருக்க வேண்டும், இதை வேலை செய்கிற இடத்தில் நடந்த விபத்து என்றுதான் எடுத்துக்கொள்ள முடியும் என்றார் உத்திராபதி. கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரன் சரக்கு இல்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

மறுபடி கடலூர் போய், அந்த நடவடிக்கையும் போர்க் கணக்கில் சேர்ந்ததுதான் என்று எழுதி வாங்கிக்கொண்டு வர ஒரு வருஷம் ஆனது. இந்தத் தடவை உத்திராபதி, கால் இன்னும் இல்லை என்பதற்கு நடப்பு வருஷச் சான்றிதழ் கேட்டார். சடையப்பன் பேண்ட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். உத்திராபதி நாற்காலியிலிருந்து குனிந்து, கையில் இருந்த பேனாவால் அந்தக் காலைத் தட்டிப் பார்த்தார். டொக் என்று சத்தம் வந்தது. பின்னால் வரி கட்ட நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியுது சார். எனக்குத் தெரிஞ்சா போதுமா? ஆடிட்டுக்குத் தெரியணும்ல?"

அன்று வீட்டுக்கு வந்து சடையப்பன் சாப்பிடவில்லை. கால் போனபோதுகூட இப்படி இல்லை. அப்போது வலி இருந்தது, பயம் இருந்தது, உயிர் தப்பிய நிம்மதிகூட ஒரு மூலையில் இருந்தது. இது வேறு. எச்சில் கையால் யாரோ மேலே தொட்டுவிட்ட மாதிரி உடம்பு கூசியது. சட்டையைக் கழற்றித் துவைக்கப் போட்டார். மனைவி மலர்க்கொடி என்ன நடந்தது என்று துருவித் துருவிக் கேட்டும் பேனா விஷயத்தைச் சொல்லவே இல்லை.

மூன்றாம் வருஷம் சான்றிதழோடு போனார். வீட்டில் மோட்டார் கடை நடப்பதால் அது வணிகக் கட்டடம், குடியிருப்புச் சலுகை பொருந்தாது என்று பதில் வந்தது.

இத்தனைக்கும் வருஷா வருஷம் சுதந்திர தினத்துக்கு அவரைக் கூப்பிட்டு மேடையேற்றத் தவறியதில்லை. சேர்மன் செந்தமிழ்செல்வன் பொன்னாடை போர்த்துவார். நாம் நிம்மதியாகத் தூங்குகிறோம் என்றால் அதற்கு இவர் கொடுத்த கால்தான் காரணம் என்று மைக்கில் உருக்கமாகப் பேசுவார். போட்டோ எடுத்து முடிந்ததும் பேச்சு மண்டப புக்கிங் பக்கம் போய்விடும். ஊரில் இருக்கிற ஒரே குளிர்சாதனக் கல்யாண மண்டபம் சேர்மனுடையது. முகூர்த்த மாதங்களில் ஒரு நாள்கூடக் காலியாக இருக்காது.

2008-இல் தேவசகாயம் என்கிற ரிட்டயர்டு வாத்தியார் மோட்டார் கட்ட வந்தவர், சடையப்பன் கோபத்தை அடக்கிக்கொண்டு வரி விஷயத்தைச் சொன்னதைக் கேட்டுவிட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடச் சொன்னார். வெள்ளாங்கரையில் இந்தச் சலுகையை யார் யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள், எந்தக் கதவு எண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள், வேறெதுவும் வேண்டாம் என்றார். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி வாத்தியாரே எழுதிக் கொடுத்தார்.

நாற்பது நாள் கழித்து ஒரு தாள் வந்தது. மூன்றே பேர். இரண்டு பேரை அவருக்குத் தெரியும், நியாயமானவர்கள். மூன்றாவது பெயர் ரத்தினம்மாள், போர் விதவை, கதவு எண் பதினான்கு, மெயின் ரோடு.

மெயின் ரோட்டில் பதினான்கு என்றால் சேர்மனின் கல்யாண மண்டபம்.

ரத்தினம்மாளை ஊரில் எல்லாருக்கும் தெரியும். எழுபத்தொன்று சண்டைக்குப் போன புருஷன் திரும்பவில்லை. பிள்ளை கிடையாது. மண்டபத்துக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு கொட்டகையில் இருந்துகொண்டு, பந்தி முடிந்ததும் இலை எடுத்து, அண்டா குண்டான் தேய்த்துப் போடுகிற அம்மா. அறுபதை நெருங்குகிற வயது.

சடையப்பன் ஒரு முகூர்த்த நாள் மத்தியானம் பின்பக்கமாகப் போனார். வெயிலில் குவிந்து கிடந்த எச்சில் இலைகளின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. ரத்தினம்மாள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு இலைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஏசி மெஷின் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கட்டடம் உங்கள் பெயரில் வரி விலக்கு வாங்கியிருக்கிறது, தெரியுமா என்று சடையப்பன் கேட்டார். அந்த அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. நாலைந்து தாளில் கைநாட்டு வாங்கினார்கள், வீடு தருவதாகச் சொன்னார்கள், பிறகு இந்தக் கொட்டகையைக் காட்டினார்கள் என்றார். பொங்கலுக்கு ஒரு சேலை வருகிறது என்றும் சொன்னார். பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதக் கெளறாத தம்பி. வெளிய சொன்னா பென்ஷன நிறுத்திடுவேன்னு சேர்மன் சொல்லியிருக்காரு. எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

சடையப்பன் வெளியே வந்தார். தனக்கு மூன்று வருஷமாகப் போர் எங்கே என்று கேட்ட அதே ஆபீஸ், அதே ஆள், இந்த எச்சில் குவியலுக்கு முன்னால் இருக்கிற மாளிகையை ஒரு விதவையின் குடியிருப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அங்கே மட்டும் வணிகக் கட்டடம் கண்ணுக்குத் தெரியவில்லை. ரோட்டோரம் நின்று காறித் துப்பினார். துப்பியும் வாயில் அந்த வாடை போகவில்லை.

மனு போட்ட விஷயம் சேர்மன் காதுக்குப் போக நாளாகவில்லை. ஒரு வாரத்தில் உத்திராபதியே கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, சடையப்பன் பெயரில் ஆர்டர் தயாராக இருக்கிறது, போன வருஷங்களுக்கும் சேர்த்தே சரிசெய்து தந்துவிடலாம் என்றார். அந்தப் பட்டியல் தாளை மட்டும் மறந்துவிட வேண்டும். ஊர்க்காரர்களுக்குள் இதெல்லாம் சகஜம் என்றார்.

சடையப்பன் காயில் சுற்றுவதை நிறுத்தவே இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார். அப்படிச் சொன்னதே அவருக்குப் பிறகு அருவருப்பாக இருந்தது. அந்த ஆள் போன பிறகு மலர்க்கொடியிடம் ஒன்று விடாமல் கொட்டினார், பேனா விஷயம் உட்பட. தான் வாயைத் திறந்தால் அந்த அம்மாவுக்கு இருக்கிற கொட்டகையும் போகும், பென்ஷனுக்கும் பங்கம் வருமோ என்னவோ, வாயை மூடினால் தானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் என்றார்.

மலர்க்கொடி எட்டாவதுதான் படித்தவள். ஆனால் முடிச்சு எங்கே என்று அவளுக்குத்தான் தெரிந்தது.

"அவுங்களுக்கு வீடே இல்ல மாமா. வீடு இல்லாதவங்களுக்கு வரி ஏது, சலுகை ஏது? அது போனா அவுங்களுக்கு என்னா நஷ்டம்? பென்ஷன் பயம் ஒண்ணுதான். அத நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க, ஆபீசருங்க வாயால சொல்லச் சொல்லுங்க. கொட்டகை போனா இங்க வந்து இருக்கட்டும்."

மண்டபத்தில் விசேஷம் இல்லாத ஒரு நாள் பார்த்து, மூன்று பேருமாகக் கடலூருக்குப் பஸ் ஏறினார்கள். பென்ஷன் சம்பந்தமாக ஒரு கையெழுத்து என்று சொல்லித்தான் ரத்தினம்மாளைக் கிளப்ப முடிந்தது. நல அலுவலகத்தில் இருந்த அதிகாரி பழைய ஃபைல் ஒன்றைத் தேடி எடுத்துவரச் சொன்னார். உங்கள் பென்ஷன் மத்திய சர்க்கார் கொடுப்பது, எந்த ஊர்ச் சேர்மனும் அதில் விரல் வைக்க முடியாது என்று அந்த அம்மா முகத்தைப் பார்த்து இரண்டு தடவை சொன்னார். பிறகு ஃபைலைப் புரட்டியவர் நிமிர்ந்து, நாங்கள் எழுதிய கடிதங்களுக்கு ஏன் பதிலே போடவில்லை என்று கேட்டார்.

எந்தக் கடிதம் என்றார் ரத்தினம்மாள்.

மூன்று கடிதங்கள் போயிருந்தன. வீட்டு மனைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி இரண்டு, நேரில் வரச் சொல்லி ஒன்று. எல்லாம் மெயின் ரோடு பதினான்காம் எண்ணுக்கு, பதிவுத் தபாலில். பெற்றுக்கொண்டதற்குத் திரும்பி வந்த ஒப்புதல் அட்டைகளில் மண்டப மேனேஜரின் கையெழுத்து இருந்தது. மூன்றிலும் ஒரே கையெழுத்து.

ரத்தினம்மாள் அழவில்லை. அந்த அட்டைகளை வாங்கி, எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும், ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேய்த்துத் தேய்த்துச் சாம்பல் படிந்த விரல்கள் அட்டை ஓரங்களைத் தடவின. எத்தனை பாத்திரம் தேய்த்திருப்பேன் அந்த மண்டபத்துக்கு என்று மட்டும் சொன்னார். அதிகாரி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். குடித்துவிட்டு ரத்தினம்மாள், என்ன எழுத வேண்டுமோ எழுதுங்கள் என்று சடையப்பனைப் பார்த்துச் சொன்னார்.

புகாரைத் தேவசகாயம் வாத்தியார் எழுதினார். ரத்தினம்மாள் மை தொட்டு வைக்கும்போது சொன்னார்: "இந்த ஒரு கைநாட்டுதான் தம்பி, படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு நானா வெக்கிறது."

அதைக் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்தார்கள். அன்று சாயந்தரமே கொட்டகைக் கதவில் பூட்டுத் தொங்கியது. ரத்தினம்மாளின் டிரங்குப் பெட்டியும் புருஷன் போட்டோவும் சாக்கடை ஓரம் கிடந்தன. மலர்க்கொடி போய் எடுத்துக்கொண்டு வந்தாள். அதன் பிறகு ஒன்றரை வருஷம் அந்த அம்மா அவர்கள் வீட்டில்தான் இருந்தார். முதல் ஒரு மாதம், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் விடிவதற்குள் எழுந்து எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்து வைத்துவிடுவார். மலர்க்கொடி பாத்திரங்களை உள்ளே வைத்துப் பூட்டிய பிறகுதான் அது நின்றது.

விசாரணை வந்தது, போனது. எழுத்துப் பிழையால் கதவு எண் மாறிவிட்டதாக அறிக்கை எழுதினார்கள். சேர்மன் பழைய வரியைக் கட்டினார், அபராதம் இல்லை. உத்திராபதியைப் பக்கத்துப் பேரூராட்சிக்கு மாற்றினார்கள், அங்கேயும் வரிப் பிரிவுதான். 2011 தேர்தலில் சேர்மன் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட, சேர்மனுடைய மனைவி நின்று ஜெயித்தார். அந்த வருஷக் கடைசியில் 'தானே' புயல் அடித்துப் பலா, முந்திரி எல்லாம் சாய்ந்து கிடந்தபோது, அதே மண்டபத்தில் நிவாரணப் பொட்டலம் கொடுத்து அதற்கும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் ரத்தினம்மாளுக்கு மனை கிடைத்தது. நல அலுவலகம் விடாமல் எழுதி, ஊரின் மேற்கே மூன்று சென்ட் இடமும், வீடு கட்ட உதவியும் வாங்கிக் கொடுத்தது. சின்ன வீடுதான், தளம் போட்டது, புயலுக்கு அசையவில்லை. சடையப்பனுக்கும் கடைசியில் விலக்கு ஆணை வந்தது. கடையை வேறாகவும் வீட்டை வேறாகவும் பிரித்து எழுதினால் போதும் என்று புதிதாக வந்த செயல் அலுவலர் ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். ஒரு மணி நேர வேலை. அதற்கு ஐந்து வருஷம். ஆணையை வாங்கும்போது சடையப்பனுக்குச் சந்தோஷம் வரும் என்று மலர்க்கொடி எதிர்பார்த்தாள். அவர் நன்றி சொல்லிவிட்டு வந்து, தாளைப் பீரோவில் போட்டுப் பூட்டிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

2012 ஆவணியில் மலர்க்கொடியின் அண்ணன் மகள் சந்திரலேகாவுக்குக் கல்யாணம். ஊரில் வேறு மண்டபம் இல்லை. அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சடையப்பன் சொன்னார். பெண்ணே நேரில் வந்து, மாமா இல்லாமல் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அழுததும் போனார். முன் வரிசையில் உட்கார்ந்தார், அட்சதை போட்டார். பழைய சேர்மன் எல்லா நாற்காலிக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே வந்து, இவருக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றார்.

"என்னா சடையப்பன், நம்ம மண்டபத்துக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?" என்றார் சிரித்துக்கொண்டு.

சடையப்பன் சிரிக்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. "பின்பக்க வழி எனக்கு எப்பவோ தெரியும்" என்றார்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். பெண்ணின் தலையில் கை வைத்துவிட்டு, வயிறு சரியில்லை என்று சொல்லி அவர் வெளியே வந்தார். அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று மலர்க்கொடி மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவர் வெயிலில் மெதுவாக நடந்து மேற்குத் தெருவுக்குப் போனார். ரத்தினம்மாள் அப்போதுதான் சோறு வடித்திருந்தார். ஒரு தட்டைக் கழுவிப் போட்டு, கத்திரிக்காய்க் காரக்குழம்பை ஊற்றினார். சடையப்பன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.