டச்சு பேசிய கம்பெனி பஸ்

போன செவ்வாய்க்கிழமை கேஸ் சிலிண்டர் கொண்டு வந்த தம்பி போன் போட்டார். "வூடு எங்கம்மா?"

நான் வாசலில் நின்றுகொண்டு, "இதோ... இந்தப் பக்கம்ப்பா. பச்சை மாடி வீடு தெரியுதா? அதுக்கு இந்தாண்ட!" என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினேன். யாருக்கு? போனுக்கு! அவரோ ரெண்டு தெரு தள்ளி நிற்கிறார்.

சிரிக்காதீர்கள். நீங்களும் இதைச் செய்கிறவர்தான். 'எங்கே' என்று கேட்டால் நமக்கு வாய் பேசாது, கை பேசும். கை சும்மா இல்லையென்றால் முகவாய் பேசும். மளிகைக் கடையில் "உப்பு எங்கண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள் – தாடையை ஒரு தூக்கு தூக்குவார். நாமும் சரியாகப் போய் எடுத்துக்கொள்வோம்.

இந்தப் பழக்கத்தால் ஒரு பெண் புருஷனிடம் போய்ச் சேர்வதே தள்ளிப்போனது என்றால் நம்புவீர்களா? என் கண்ணெதிரே நடந்தது.

ஜெசிந்தா, ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் மாடிப் போர்ஷனில் அம்மாவோடு குடியிருந்தவள். ஒரகடத்தில் காருக்குள் போகும் வயர்களைக் கட்டுகிற கம்பெனியில் வேலை. மாப்பிள்ளை அருள், சின்ன வயதிலேயே யாழ்ப்பாணத்திலிருந்து ஹாலந்துக்குப் போய் அந்த நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்டவர். மாதா கோயில் வழியாக வந்த சம்பந்தம். கல்யாணமாகி இருபத்து மூன்று நாள் சேர்ந்து இருந்தார்கள். அவர் லீவு முடிந்து ஏர்போர்ட்டுக்குப் போனார்... இவள் ஷிஃப்ட்டுக்குப் போனாள்.

பின்னாடியே போக வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். மனைவியாக அங்கே போய் வாழ வேண்டுமென்றால், இங்கேயே அவர்கள் பேசுகிற டச்சு மொழியில் ஒரு பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். டெல்லியில், தூதரகத்தில். எதிரே வாத்தியார்கூட கிடையாது. ஒரு போனைக் கையில் கொடுப்பார்கள். அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் கேட்கும், இந்தப் பக்கம் இவள் சொல்ல வேண்டும்.

அருள் சிடி அனுப்பினார், படம் போட்ட புத்தகம் அனுப்பினார். விழுந்து விழுந்து படித்தாள். மேலே என்றால் 'ஒப்', அடியில் என்றால் 'ஒண்டர்', பக்கத்தில் 'நாஸ்ட்', முன்னால் 'ஃபோர்'. பின்னால் என்பதற்கு 'அஹ்டர்' – தொண்டையில் மீன் முள் மாட்டினால் ஒரு சத்தம் வருமே, அது நடுவில் வர வேண்டும்.

"அது மட்டும் இல்லக்கா... கப்பு மேஜை மேல நிக்குதாம். பேப்பர் படுத்துக்கினு கீதாம். நம்மாண்ட எல்லாத்துக்கும் 'கீது' ஒண்ணு போதும். இவங்க சாமானுக்கெல்லாம் தனித்தனியா மரியாதை பாக்குறாங்க!" என்பாள்.

டெல்லிக்குப் போனாள். ஃபெயில் ஆகித் திரும்பினாள்.

"பதில் தெரியும்க்கா. வூட்டுக் கூரை மேல கீதா, கீழ கீதான்னு கேட்டுச்சு. கை தானா மேல போயிடுச்சு. வெரலை நீட்டிக்கினு உக்காந்திருக்கேன்... வாய் வரல. மிஷினு அடுத்த கேள்விக்குப் போயிடுச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. கூரையைக் காட்டிய விரலைக் கம்ப்யூட்டர் எங்கே பார்த்தது, பாவம்!

அன்றிலிருந்து நான்தான் கம்ப்யூட்டர். கீழேயிருந்து மாடிக்குப் போன் போட்டு, புத்தகத்தைப் பார்த்துத் தப்பும் தவறுமாகக் கேள்வி கேட்பேன். அவளும் சொல்வாள்... பாதி நேரம் மௌனம். எட்டிப் பார்த்தால் மாடியில் கையை ஆட்டிக்கொண்டு நிற்பாள். "அடியேய், வாயைத் தொற!" என்று கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம்.

ஒருநாள் விடிகாலை, கோலம் போடக் கதவைத் திறக்கிறேன். தெருமுனையில் ஜெசிந்தா. ஒரு கையில் டிபன் பை, ஒரு கையில் குடை, காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். அப்போது ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று எங்கள் பக்கம் முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கம்பெனி பஸ் இன்றைக்கு நிற்கிற இடத்தில் நாளைக்கு நிற்காது. அதனால் டிரைவர் ஏழுமலை தினமும் போன் போட்டு "எங்க நிக்கிற?" என்று கேட்பார்.

"பெட்ரோல் பங்க்குக்குப் பின்னாலண்ணே... பஞ்சர் கடைக்குப் பக்கத்துல, புளியமரத்துக்கு அடியில!" என்று கடகடவென்று ஒப்பிக்கிறாள் இவள்!

எனக்குப் பொறி தட்டியது. ரெண்டு கையும் பிஸி, முகவாய் போனில் மாட்டியாச்சு. வேறு வழி இல்லாததால் வாய் வேலை செய்கிறது! சாயங்காலம் அவளைப் பிடித்துக்கொண்டேன். "இதையே டச்சுல சொல்லுடி."

"அந்தண்ணனுக்கு இன்னாக்கா புரியும்?"

புரிய வைத்தோம். ஒரு அட்டையில் எட்டு வார்த்தை, எதிரே தமிழில் அர்த்தம். ஏழுமலை அதை ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். முதலில் "இன்னாம்மா, என் வண்டியை ஸ்கூல் பஸ் ஆக்கிட்ட?" என்று அலுத்துக்கொண்டவர்தான். ஒரே வாரத்தில் பஸ் முழுக்க 'நாஸ்ட்', 'ஒண்டர்' என்று ஒரே கூத்து. "என் டிபன் பாக்ஸ் எங்கடி?" "ஒண்டர் சீட்டு!"

ஒருநாள் இவள் பங்க்குக்குப் பின்னால் நின்றுகொண்டு 'ஃபோர்' என்று சொல்லிவிட்டாள். ஏழுமலை பங்க்குக்கு முன்னால் போய் நின்றார், பார்த்தார், கிளம்பிவிட்டார். ஷேர் ஆட்டோ பிடித்து, லேட்டாகப் போய், சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். நானே போன் போட்டு ஏழுமலையிடம் எகிறினேன். "ஏம்ப்பா, பொண்ணு பின்னாடி நிக்குதுன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும்மா. கண்ணாடில பாத்தேன். தப்பா சொன்னதை நான் வுட்டுட்டா டெல்லில வுட்டுடுவானா? இன்னொரு தபா அந்தப் பொண்ணு அழுதுக்கினு வந்து நிக்கக் கூடாது."

போனை வைத்துவிட்டேன். மறுபடி அவள் முன்னும் பின்னும் மாற்றிச் சொல்லவே இல்லை.

ரெண்டாவது தடவை டெல்லியில், போனை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாளாம். பாஸ்!

அப்புறம் விசா, பேப்பர் என்று இழுத்து, ஆக மொத்தம் மூன்று வருஷம் ஆகிவிட்டது. கிளம்புவதற்கு முந்தின நாள் என் சமையலறையில் வந்து உட்கார்ந்து அழுதாள். "பயமா கீதுக்கா. அவரை எனக்கு எத்தினி நாள் தெரியும்? மிச்சமெல்லாம் போன்தானே? போன்ல எல்லாரும் நல்லவங்கதான்."

நியாயமான பயம். காபி போட்டுக் கொடுத்தேன்.

போய்ப் பத்தாவது நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, போன். குரல் கம்மியிருந்தது. "என்னடி ஆச்சு? அழுதியா?"

"தூக்கமே இல்லக்கா! இன்னா கொறட்டை, இன்னா கொறட்டை! கல்யாணத்தப்போ அடக்கி வெச்சிருந்தாரு போல. இருங்க... நீங்களே கேளுங்க."

போனைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள். கேட்டேன். சத்தியமாக கூட்ஸ் வண்டிதான். நடுவில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதும் கேட்டது.

என் வீட்டுக்காரர் குறட்டைக்கு எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான் வருகிறது... அருள் குறட்டைக்குத்தான் அழுதுவிட்டேன்.